ஊத்துப்பள்ளத்து பிஸ்டன்

தண்ணீருக்கு நடுவே ஓர் இரும்புச் சக்கரம் நின்றுகொண்டிருந்தது. பாதி மேலே, பாதி உள்ளே. முழுதாக வெளியே எடுத்து நிறுத்தினால் என் உயரம் இருக்கும். அதன் உச்சியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. நாங்கள் இரண்டு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றதை அது கண்டுகொள்ளவே இல்லை.

"மச்சான், இது எப்படி இங்க வந்துச்சு?"

திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கிவிட்டார். கோரையை விலக்கி, சக்கரத்தில் படிந்திருந்த பாசியை உள்ளங்கையால் தேய்த்தார். வார்ப்பிலேயே பதித்த இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. அவருக்கும் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவை எங்கள் ஊர் அரிசி மில் இஞ்சினில் இருந்த அதே எழுத்துகள்.

"இதேதான்" என்றார். "அல்லாவே, இதேதான்!"

கல்யாணமான மூன்றாவது மாதம் அது. அதற்கு முன்பு அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. நிக்காஹ் நடந்த அன்றைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மில் நின்றுபோனது

சென்ற வாரம் வந்த பகுதியைப் படித்துவிட்டு, "உங்கள் வீட்டுக்காரரை ஊரில் எல்லோரும் இஞ்சின் காதர் என்று கூப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அவர் இஞ்சின் வாங்கி விற்பவரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. இஞ்சினை விற்கும் அளவுக்கு அவருக்கு மனசு கிடையாது. ஒரு நட்டைக் கூடத் தூக்கிப் போட மாட்டார்.

அவர் துறையூரில் ஓர் அரிசி மில்லில் இஞ்சின் டிரைவர். காலையில் இஞ்சினைக் கிளப்புவதும், நாள் முழுக்க அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அவர் வேலை. இரண்டாம் உலகச் சண்டைக் காலம். சீமையிலிருந்து எந்தச் சாமானும் வருவதில்லை. அந்தச் சமயம் பார்த்து மில் இஞ்சினின் பிஸ்டனில் விரிசல் விட்டுவிட்டது.

பிஸ்டன் என்றால் என்ன என்று கேட்கும் என் வயதுப் பெண்களுக்காகச் சொல்கிறேன். அடுப்படியில் அரிசி அளக்கிற பெரிய படியைக் கவிழ்த்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். ஆனால் கனத்த இரும்பு. அது உள்ளே முன்னும் பின்னும் போய்வந்தால்தான் இஞ்சின் ஓடும். அது இல்லாவிட்டால் இஞ்சின் வெறும் பாரம்.

பத்து நாள் மில் மூடிக் கிடந்தது. அப்போதுதான் மலைக்கு உப்பும் துணியும் கொண்டுபோகும் வியாபாரி ஒருவர் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் கரியால் சில எழுத்துகளை வரைந்திருந்தார். கொல்லிமலையில், வளப்பூர் நாட்டுப் பக்கம் ஊத்துப்பள்ளம் என்ற இடத்தில், ஒரு சேற்றுக் குட்டைக்குள் பழைய இஞ்சின் ஒன்று கிடக்கிறதாம். அதில் இந்த எழுத்துகள் இருக்கின்றனவாம்.

மில் முதலாளி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "பிஸ்டனோட வந்தா உன் வேலை உனக்கு. இல்லாட்டி நான் மில்லையே மூடிடறேன், நீ வேற இடம் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.

நான் எதற்காக மலை ஏறினேன் என்றால், அடம் பிடித்து ஏறினேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும்போதெல்லாம் அந்த மலை நீலமாகத் தெரியும். அங்கே என்ன இருக்கும், யார் இருப்பார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. "அவருக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காது, நான் போய் ஆக்கிப் போடறேன்" என்று மாமியாரிடம் சொன்னேன். அவருக்குக் கல்லைப் போட்டாலும் செரிக்கும் என்பது மாமியாருக்கும் தெரியும். ஏதோ நல்ல மனசு, விட்டுவிட்டார்கள்.

புளியஞ்சோலை வரை மாட்டுவண்டி. அதற்கு மேல் கால்தான். காலையில் ஓடையைத் தாண்டி ஏற ஆரம்பித்தவர்கள், பொழுது சாய்கிற நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் நான் கேள்வி கேட்டுக்கொண்டே ஏறினேன். பாதி மலையில் அவர், "மூச்சை மிச்சம் வச்சுக்க" என்றார்.

குழாயை மட்டும் தொடாதீங்க

ஊத்துப்பள்ளம் என்பது இரண்டு மேடுகளுக்கு நடுவே ஒரு தாழ்ந்த இடம். மேல்பக்கம் கோரையும் சேறுமாகக் குட்டை. அதன் வாயில் உயர்ந்த மண் கரை. கரைக்குக் கீழே படிப்படியாக நெல் வயல்கள். மேல் வயல்கள் ஒரு வீட்டாருக்கு, கீழ் வயல்கள் இன்னொரு வீட்டாருக்கு.

மேல் வீட்டுக்குப் பெரியவர் ராமக் கவுண்டர். கீழ் வீட்டில் பாவாயி. அவள் புருஷன் சேர்வராயன் மலைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். வயல், இரண்டு குழந்தைகள், ஒரு எருமை எல்லாம் அவள் பொறுப்பு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். இரண்டு வீடும் பங்காளிகள். ஏதோ பழைய கோபத்தில் பேச்சுவார்த்தை இல்லை. இதையெல்லாம் வந்த அன்று மாலையே பாவாயி என்னிடம் சொல்லிவிட்டாள்.

ராமக் கவுண்டர் எங்களை ஊருக்குள் தங்க வைக்கவில்லை. வேற்று ஊர், வேற்று மதம். வயலோரக் காவல் குடிசையைக் காட்டினார். எனக்கு முகம் சுருங்கியது, பொய் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. குடிசையிலிருந்து பார்த்தால் இஞ்சின் தெரிந்தது. அவருக்கு அது போதும்.

"ஏனுங்க பாய், இது ஒரு வெள்ளக்காரத் தொரையோட இரும்பு. அவரு போயி எத்தனையோ வருசம் ஆச்சு. வேணுங்கறத எடுத்துக்கங்க" என்றார் கவுண்டர். "ஆனா கரைக்கு அடியில போற கொழாய மட்டும் தொடாதீங்க. அது ரெண்டு ஊட்டுது." அவர்கள் பேச்சில் ஊடு என்றால் வீடு.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். பங்காளிச் சண்டையில் இருக்கிற குழாய் போலிருக்கிறது, நமக்கு எதற்கு வம்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

துரை இறைத்த தண்ணீர்

அடுத்த இரண்டு நாளும் அவர் சேற்றில் நின்று இஞ்சினைப் பிரித்தார். எனக்கு ஆக்கிப் போடுவதைத் தவிர வேலை இல்லை. ஆகவே கேட்க ஆரம்பித்தேன். இவ்வளவு பெரிய இரும்பு, ரோடே இல்லாத மலைக்கு எப்படி வந்தது?

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். சக்கரத்தின் நடு ஓட்டையில் மரத்தைச் செருகிப் பதினாறு ஆள் தோளில் தூக்கி வந்ததாகக் கவுண்டர் சொன்னார். தூக்கவில்லை, கயிறு கட்டி உருட்டியே ஏற்றினார்கள், ஒரு வளைவில் கயிறு அறுந்து சக்கரம் தானாகவே பாதி மலை இறங்கிப் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து ஏற்றினார்கள் என்று ஒரு கிழவர் சொன்னார். அவர் சொன்னதைத்தான் நான் நம்புகிறேன். சிரிக்காமல் சொன்னார்.

எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். முதல் உலகச் சண்டைக்கும் முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை இந்தப் பள்ளத்தைப் பார்த்து ஆசைப்பட்டாராம். தண்ணீரை இறைத்துக் காயவைத்துவிட்டால் அருமையான மண், தோட்டம் போடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இஞ்சின் வந்தது. பம்பு வந்தது. இறைத்த தண்ணீரை வெளியே கொண்டுபோக ஒரு பெரிய இரும்புக் குழாய் பதித்து, அதன் கடைசியில் திறந்து மூட ஒரு வால்வும் வைத்தார்கள்.

"பகலெல்லாம் எறைப்பாங்களாம் கண்ணு" என்று பாவாயி சொன்னாள். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "சாயங்காலம் சேறு தெரியுமாம். தொரை தொப்பிய ஆட்டிக்கிட்டுப் போவாராம். காலையில வந்து பாத்தா பழையபடி ரொம்பிக் கெடக்குமாம். அடியில ஊத்து இருக்குதுல்ல? நாங்க ஊத்துப்பள்ளம்னு சும்மாவா பேரு வெச்சோம்?"

"யாரும் அவர்கிட்ட சொல்லலியா?"

"அவரு கேக்கலியே!"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளுக்கும்தான். ஒரு மழைக்காலம் முழுக்க இறைத்துப் பார்த்துவிட்டு, துரை மலை இறங்கிப் போய்விட்டாராம். இஞ்சினை இறக்க ஆள் கிடைக்கவில்லை. அவர் விட்டுப்போன குழாயின் மேல் ஊர்க்காரர்கள் மண்ணைப் போட்டுக் கரையை உயர்த்திக் குட்டை ஆக்கிக்கொண்டார்கள். தண்ணீரை விரட்ட வந்த குழாய், தண்ணீரைக் காவல் காக்கிற குழாய் ஆகிவிட்டது.

வயலுக்குப் பாய்கிற தண்ணீர் கரையின் மேலே ஒரு கல் வாய்க்கால் வழியாக அளவாகப் போகும். அடியில் இருக்கும் இந்தக் குழாயை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் திறப்பார்களாம். தை மாதம் அறுப்பு முடிந்ததும் திறந்து, குட்டையை வடித்து, மீன் பிடித்து, வண்டல் மண்ணை வாரி வயலில் போடுவார்கள். அதோடு மறுபடி மூடிவிடுவார்கள்.

பாவாயிக்கும் என்னிடம் கேட்க நிறைய இருந்தது. "நீங்க சாமி கும்புடறப்ப எதுக்குக் கண்ணு அத்தன தடவ குனிஞ்சு எந்திரிக்கிறீங்க?" என்றாள். சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "முதுகுவலிக்கு நல்லதுதான்" என்றாள்.

சும்மா இருக்கும் கை எதையாவது அளந்துகொண்டிருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். கரைக்கு வெளியே நீட்டியிருந்த குழாயின் வாயைச் சாண் வைத்துப் பார்த்தேன். என் கைக்குச் சரியாக ஒரு சாண். மூன்றாம் நாள் காலையில் பிஸ்டன் சிலிண்டரை விட்டு வெளியே வந்தது. அதையும் அளந்தேன். ஒரு சாணுக்கு ஒரு விரல் கம்மி.

அந்தப் பிஸ்டனைப் பார்க்க வேண்டுமே! வெளியே அத்தனை துரு. உள்ளே பழைய எண்ணெய் மெழுகாக உறைந்து, அது பளபளவென்று அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்கை விரித்து அதன் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை நிலைத்துவிட்டது என்ற நிம்மதி அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. நான் மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

தொட்டுப் பார்க்கும் நோய்

அத்தோடு கிளம்பியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

அவருக்கு ஒரு நோய் உண்டு. திருகுகிற எதையும் திருகிப் பார்க்காமல் அவரால் நகர முடியாது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கை, மாப்பிள்ளைக் கோலத்திலேயே உட்கார்ந்து கழற்றியவர். கரையோரம் போகும்போது அந்த வால்வைப் பார்த்திருக்கிறார். முப்பது வருஷத்து வால்வு. துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும். ஆனால் அதைத் திருகும் தண்டில் விளக்கெண்ணெய் தடவி யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். இது திரும்புமா, திரும்பாதா என்ற ஒரு கேள்வி போதாதா அவருக்கு?

பெரிய ஸ்பானரை மாட்டி ஒற்றைப் பக்கமாக நின்று இழுத்தார். திரும்பியது. குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டது. அவர் குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு மூடுவதற்காக எதிர்ப்பக்கம் இழுத்தார். டக் என்று ஒரு சத்தம். தண்டு முறிந்து ஸ்பானரோடு கையில் வந்துவிட்டது.

வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது.

நான் சத்தம் கேட்டு ஓடினேன். எனக்கு முன்னால் பாவாயி வயலிலிருந்து ஓடி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நடந்தது என்ன என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கதிர் பால் பிடிக்கும் நேரம். அறுப்பு வரை அந்தக் குட்டைத் தண்ணீரை நம்பித்தான் அத்தனை வயலும் நின்றது. அது போனால் நெல் பதராகிவிடும். அவள் வீட்டுக்கு அந்த வருஷச் சோறு அதுதான்.

"தொடாதீங்கன்னு சொன்னாங்கல்லோ!" என்று கத்தினாள். "கடப்பாரைய வெச்சு, இந்தப் பக்கம் ஒரு ஊட்டாளு அந்தப் பக்கம் ஒரு ஊட்டாளு, ரெண்டு பேரும் சமமாத் தள்ளணும். அப்படித்தாங்க தொறப்போம்! ஒத்தையில யாராச்சும் தொறப்பாங்களா?"

என் வீட்டுக்காரர் கையிலிருந்த தண்டையே பார்த்தார். ஒற்றைப் பக்கம் இழுத்தால் பழைய தண்டு வளைந்து முறியும். இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளினால் முறியாது. இஞ்சின் டிரைவரான தனக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்று அவர் பிறகு எத்தனையோ தடவை என்னிடம் சொல்லிச் சொல்லி வருந்தியிருக்கிறார். பேசாத பங்காளிகள் தண்ணீர் திருடாமல் இருக்க வைத்த வழக்கம் என்று பார்த்தால், வால்வையும் அதுதான் காப்பாற்றி வந்திருக்கிறது.

வைக்கோல், கல், சாக்கு

அன்று சந்தை நாள். ராமக் கவுண்டர் வீட்டில் எல்லோரும் போய்விட்டார்கள். பள்ளத்தில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

குழாயின் உள்வாய் குட்டைக்குள், கரையை ஒட்டி இருந்தது. அடையாளத்துக்கு ஒரு மூங்கில் நட்டிருந்தார்கள். பாவாயி ஒரு கட்டு வைக்கோலை அங்கே அமுக்கினாள். அது அந்தப் பக்கம் பொலபொலவென்று வெளியே வந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் கல்லை உருட்டினார். கல் வாயில் சரியாக உட்காரவில்லை. மண்சாக்கு கிழிந்தது. மூங்கிலில் ஈரக்கோடு இறங்கிக்கொண்டே போனது. கண்ணால் பார்க்கும்போதே இறங்கியது.

"வட்டமா, கனமா ஏதாச்சும் வேணும்" என்றார் அவர். சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

எனக்கு அளவு தெரியும். ஒரு சாண், ஒரு சாணுக்கு ஒரு விரல் கம்மி. சாக்கைச் சுற்றினால் அந்த ஒரு விரலும் நிறைந்துவிடும். அவருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் திரும்பி, சாக்கின் மேல் இருந்த பிஸ்டனைப் பார்த்தோம்.

நான்தான் சொன்னேன். "மச்சான், அது சரியா இருக்கும்."

"அது முதலாளிக்கு..." என்று ஆரம்பித்தார். அவர் கண் கலங்கியது. வேலை போகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அது தெரிந்துதான் நான் சொன்னேன், தெரிந்துதான் அவர் நடந்து போய் அதைத் தூக்கினார். சாக்கை அதன் மேல் இறுக்கிச் சுற்றினார். பாவாயி மாட்டுக் கயிறு கொண்டுவந்தாள். மூன்று சுற்றுக் கட்டினார்.

அவர் அதோடு தண்ணீரில் இறங்கப் போனபோது பாவாயி குறுக்கே நின்றாள்.

"தொறந்த கையி வேண்டாங்க. ரெண்டு ஊட்டுக் கையி மூடணும். நா ஒரு ஊடு." என்னைப் பார்த்தாள். "நீ ஒரு ஊடு. எறங்கு கண்ணு."

"நான் இந்த ஊரே இல்லையே!"

"தண்ணி ஓடுது. நாயம் அப்புறம் பேசலாம், வா."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். மார் வரைக்கும் தண்ணீர், அப்படி ஒரு குளிர். எனக்கு நீச்சல் தெரியாது. உள்ளே குழாய் உறிஞ்சுவது காலில் தெரிந்தது. பயத்தில் பல் அடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் கரையில் குப்புறப் படுத்து என் சேலை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கைய முன்னாடி நீட்டாத. ரெண்டு பக்கமும் புடிச்சுக்க. நா தள்றப்பத் தள்ளு, அதுக்கு முன்னாடி தள்ளாத" என்றாள் பாவாயி.

முதல் தடவை நான் அவசரப்பட்டேன். பிஸ்டன் சாய்ந்து வழுக்கிவிட்டது. அவள் என்னைத் திட்டினாள். என்ன சொல்லித் திட்டினாள் என்பதை இங்கே எழுத முடியாது. இரண்டாம் தடவை அவள் மூச்சுக்கு என் மூச்சை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தள்ளினோம். வாய் அதைக் கவ்வி இழுத்தது. காலில் தெரிந்த இழுப்பு நின்றது.

கரைக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் என் வீட்டுக்காரர் பார்த்தார். பிறகு குரல் வந்தது.

"சொட்டுதான் விழுது!"

பாவாயி தண்ணீரில் நின்றபடியே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என் அழுகையில் பாதி குளிர்.

தை மாதத்தில் வந்த ஆள்

வெறுங்கையோடு மலை இறங்கினோம். நடந்ததை என் வீட்டுக்காரர் ஒளிக்காமல் முதலாளியிடம் சொன்னார். "நீ இஞ்சின் ரிப்பேருக்குப் போனியா, குட்டை ரிப்பேருக்குப் போனியா?" என்று அவர் கேட்டாராம். மில்லை மூடி, இஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

அந்த ஒன்றரை மாதம் எங்களுக்குக் கஷ்ட காலம். வீட்டு வாசலில் உட்கார்ந்து சைக்கிளும் ஸ்டவ்வும் பழுது பார்த்தார். சாயங்காலங்களில் கொல்லன் பட்டறைக்குப் போய்விடுவார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டார். எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மலையிலிருந்து ஓர் ஆள் வந்து நின்றான். "அறுப்பு முடிஞ்சுதுங்க. கொழாயத் தொறக்கணுமாம். மூடுன கையி வந்தாத்தான் தொறக்க முடியும்னு பாவாயக்கா சொல்லிருச்சுங்க."

அப்போதுதான் அவர் பட்டறையில் செய்ததைக் கொண்டுவந்து காட்டினார். வால்வுக்குப் புதுத் தண்டு. முறிந்ததை அளவு வைத்து அடித்திருக்கிறார்.

மறுபடி ஏறினோம். வயல்களில் வெறும் தாள் நின்றது. பாவாயி வீட்டு முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தேன். பாவாயி, "எல்லாம் நெசமான நெல்லுதான், எண்ணிப் பாத்துக்க" என்று கிண்டல் செய்தாள்.

நானும் அவளும் தண்ணீரில் இறங்கி, கயிற்றைப் பிடித்து இழுத்துப் பிஸ்டனை எடுத்தோம். குட்டை வடிந்தது. ஊர்ச் சனமே சேற்றில் இறங்கிக் கூடைகளால் மீனை வாரியது. என் வீட்டுக்காரர் ஒரு பக்கமாக உட்கார்ந்து வால்வைப் பிரித்துப் புதுத் தண்டை மாட்டினார். எண்ணெய் விட்டார். இந்தத் தடவை திருகிப் பார்க்கவில்லை. எழுந்து தள்ளி நின்று, "நீங்க ரெண்டு பேரும் பாருங்க" என்றார்.

கடப்பாரையைச் செருகினார்கள். ஒரு முனையில் ராமக் கவுண்டர், மறு முனையில் பாவாயி. முகத்துக்கு முகம் பார்க்காமல், சமமாகத் தள்ளினார்கள். சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"உங்க சாமான எடுத்துக்கங்க பாய்" என்றார் கவுண்டர். பிஸ்டனுக்கு இனி அங்கே வேலை இல்லை. கீழே மில்லும் இல்லை. என் வீட்டுக்காரர் அதைத் துடைத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டார். அது இப்போது என் சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு என்னவோ வருத்தமாக இருந்தது. வால்வு சரியாகிவிட்டது. இரண்டு வீடும் பழையபடி இரண்டு முனையில் நின்றாகிவிட்டது. இனி எங்கள் கைக்கு இங்கே என்ன அவசியம்? அடுத்த தையில் ஆள் வராது என்று நினைத்துக்கொண்டேன். காவல் குடிசைப் பக்கம் போய் மூட்டையை எடுக்கப் போனேன்.

கரையில் மீனைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். வாழை இலைகளில் கூறு கூறாக. வழக்கமாக முதலில் இரண்டு கூறு பிரிப்பார்கள் என்று பாவாயி முன்பே சொல்லியிருந்தாள். மேல் வீட்டுக்கு ஒன்று, கீழ் வீட்டுக்கு ஒன்று. மிச்சம் ஊருக்கு. நான் பார்க்கும்போது மூன்று இலைகள் இருந்தன.

எண்ணத் தெரியாமல் போட்டுவிட்டார்களோ என்று பார்த்தேன். ராமக் கவுண்டர் குனிந்து, பெரிய விரால் ஒன்றை எடுத்து மூன்றாவது இலையில் போட்டார்.

"இது யாருக்குங்க?" என்று கேட்டேன்.

கவுண்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த மீனைத் தேடிக்கொண்டே சொன்னார்.

"இஞ்சின் ஊட்டுக்கு."